த்ராட்டில் கேபிளுக்கு ஃபயர் ஸ்லீவ் போட்டால் போதுமா?

கேள்வி: மார்ச் 2, 2019

"ஆர்.வி-7 என்ற சிறுவிமானத்தை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். லைகாமிங் ஓ-360, கார்புரேட்டர் எஞ்சின். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவர்) இருந்து கார்புரேட்டருக்குப் போகும் த்ராட்டில் (எஞ்சின் வேகம்) கேபிளும் மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை) கேபிளும் எக்ஸாஸ்ட் குழாயை ஒரு இஞ்சுக்கும் குறைவான இடைவெளியில் தாண்டிப் போகின்றன. இரண்டுக்கும் முழு நீளத்துக்கு ஆரஞ்சு நிற ஃபயர் ஸ்லீவ் (தீக்காப்பு உறை) மாட்டிவிட்டேன். ஸ்லீவ் 2,000 டிகிரி ஃபாரன்ஹீட் தாங்கும், எக்ஸாஸ்ட் 1,400-தான் வரும். இனிமேல் கேபிளைப் பற்றிக் கவலை வேண்டாம், சரிதானே?"

மார்ச் 2, இரவு

சரியில்லை தம்பி. முதல் பறப்புக்கு முன்னால் கேட்டீர்களே, அதுவரைக்கும் நல்லது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னுடையது ஆர்.வி-9ஏ, ஓ-320, 160 குதிரைத்திறன். டெக்சஸில் ஒரு சின்ன விமானத்தளத்து ஹேங்கரில் ஆறு வருடம் கட்டினேன். 40 மணி நேரச் சோதனைப் பறப்பில் 31-ஆவது மணி. ஆகஸ்ட் மாதம், தரையிலேயே 38 டிகிரி செல்சியஸ். 9,000 அடிக்கு ஏறி, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இறங்கி வந்தேன். ஓடுதளத்துக்கு இணையாகப் பறக்கும்போது வேகத்தைக் குறைக்க த்ராட்டிலை இழுத்தால், பாதி தூரம் வந்தது. அப்புறம் சேற்றில் புதைந்த கம்பை இழுப்பது போல ஆகிவிட்டது. முழு பலத்தோடு இழுத்தும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே வரவில்லை. ஓடுதளம் உறுதியாகக் கைக்கெட்டியதும் மிக்ஸ்சரை இழுத்து எஞ்சினை அணைத்து இறங்கினேன். மிக்ஸ்சர் கேபிள் மறுபக்கமாகப் போவதால் தப்பித்தேன்.

கவுலிங்கை (எஞ்சினின் வெளி மூடி) கழற்றிப் பார்த்தால் எல்லாம் புதுசு போல இருக்கிறது. என் கேபிளுக்கும் ஸ்லீவ் போட்டிருந்தேன். ஆரஞ்சு நிறம்கூட மங்கவில்லை. பிளேடால் ஸ்லீவைக் கீறிப் பிரித்த பிறகுதான் தெரிந்தது: உள்ளே கேபிளின் மேலுறை உருகி ஸ்லீவோடு ஒட்டியிருந்தது. கம்பிக்கும் சுருள் உறைக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் லைனர் இளகி, ஓடி, ஆறி, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே எந்த அடையாளமும் இல்லை. அதற்கு முந்தின வாரம் டார்ச் அடித்து அதே இடத்தைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 3

"2,000 தாங்கும் ஸ்லீவ் உள்ளே எப்படி உருகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்லீவ் உருகவில்லை. உள்ளே இருந்ததுதான் உருகியது.

ஃபயர் ஸ்லீவ் என்பது கண்ணாடி இழைப் பின்னல், அதன்மேல் சிலிக்கான் ரப்பர் பூச்சு. அந்தச் செம்மண் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அது பெட்ரோல் குழாய்க்கும் ஆயில் குழாய்க்கும் என்று பிறந்த பொருள். எஞ்சினில் தீப்பிடித்தால், விமானி எரிபொருளை மூடித் தரையிறங்கும் வரை குழாய் வெடிக்காமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் 2,000 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 1,093 செல்சியஸ், தீச்சுவாலையில் 15 நிமிடம் வைத்துச் சோதிக்கிறார்கள்.

நிமிடக் கணக்கு என்பதைக் கவனியுங்கள். உங்கள் கேபிள் எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கப்போவது மணிக்கணக்கில், வருடக்கணக்கில். எந்த வெப்பக்காப்பும் வெப்பத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கம்பளியில் சுற்றி வைத்த ஐஸ் கட்டியும் சாயங்காலத்துக்குள் தண்ணீர்தான்.

மார்ச் 3, இரண்டு மணி நேரம் கழித்து

திருத்தம். 15 நிமிடம் என்று பொதுவாகச் சொன்னது தவறு. இரண்டு தரம் இருக்கிறது. "தீ தாங்கும்" என்ற தரத்துக்கு 5 நிமிடம், "தீ புகாத" என்ற தரத்துக்கு 15 நிமிடம். வாங்கும்போது எந்தத் தரம் என்று பார்க்க வேண்டும்.

இதைத் தேடப்போன இடத்தில், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் நினைவுக்கு வந்தது. அந்தச் சோதனையின்போது குழாய்க்குள் திரவம் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்லீவைத் தாண்டி உள்ளே வரும் கொஞ்ச வெப்பத்தை ஓடும் ஆயிலோ பெட்ரோலோ எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் குழாய் பிழைக்கிறது. கேபிளுக்குள் எதுவும் ஓடவில்லை. உள்ளே வந்த வெப்பத்துக்கு வெளியே போக வழி கிடையாது, கம்பி வழியாகப் பக்கவாட்டில் கசிவதைத் தவிர. நேரம் போகப்போக ஸ்லீவுக்கு உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலை நெருங்கி வந்துவிடும்.

எனக்கு இது புரிய ஒரு கேபிளும் ஒரு கெட்ட மதியமும் செலவாயின.

மார்ச் 9

"அப்படியானால் என்ன மாற்றினீர்கள்?"

முதலில் வழியை மாற்றினேன். எங்கள் எக்ஸாஸ்ட் குறுக்கே போகும் வகை. முன் இரண்டு சிலிண்டர்களின் குழாய் ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) முன்னால் குறுக்கே வந்து சேர்கிறது, பின் இரண்டின் குழாய் சம்ப்புக்குப் பின்னால். இந்தப் பின் குழாய்தான் வில்லன், ஏனென்றால் ஃபயர்வாலில் இருந்து கார்புரேட்டருக்கு வரும் எல்லாமே அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நான் நேர்வழியில் கொண்டுவந்திருந்தேன். இப்போது ஒரு வளைவு கொடுத்து, குழாயைத் தாண்டும் இடத்தில் இரண்டு இஞ்சுக்குமேல் விலகிப் போகிறது. அதற்குப் பழையதைவிட நீளமான கேபிள் வாங்க வேண்டியிருந்தது.

கட்டும்போது நான் அளந்த இடைவெளி முக்கால் இஞ்சு. சம்பவம் நடந்த அன்று அளந்தால் கால் இஞ்சுகூட இல்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் குஷன்கள் முதல் சில பத்து மணி நேரத்தில் அமுங்கி எஞ்சின் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அதோடு ஸ்லீவின் எடையே கேபிளைத் தொய்ய வைத்திருந்தது. காப்பாற்றப் போட்ட உறை கேபிளைக் குழாய் பக்கம் தள்ளியது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

அடுத்தது கவசம். எக்ஸாஸ்ட் வாயு 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை போகும். குழாயின் மேற்பரப்பு அதைவிடக் குறைவு, ஆனாலும் பல நூறு டிகிரி. அந்தச் சூட்டில் பெரும்பகுதி கதிர்வீச்சாக வருகிறது. கதிர்வீச்சு, தனி வெப்பநிலையின் (கெல்வின் கணக்கு) நான்காம் மடிக்கு ஏற்றபடி கூடும். 300 டிகிரிக் குழாயைவிட 600 டிகிரிக் குழாய் ஐந்து மடங்குக்கும் மேல் வீசும். தூரம் இரண்டு மடங்கானால் கேபிளில் விழும் சூடு நான்கில் ஒன்றாகும். நடுவில் ஒரு தகடு வைத்தால் அது வாங்கிக்கொண்டு, தன் இரண்டு பக்கமும் வீசும். குழாயைப் போலவே கருத்த தகடாக இருந்தாலும் பாதி குறையும். பளபளப்பான தகடு என்றால் இன்னும் நிறையக் குறையும்.

நான் போட்டது 0.020 இஞ்சு ஸ்டெயின்லெஸ் தகடு, அரை இஞ்சு விலக்கி, இரண்டு ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளாம்ப்பால் எக்ஸாஸ்ட் குழாயிலேயே பிடித்தது. ஒரு சாயங்கால வேலை. நூறு கிராம்கூட இருக்காது.

மார்ச் 10

ஓஹையோவில் இருந்து எழுதும் அண்ணன் ஒருவர் பிடித்துவிட்டார். தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒன்று என்பது ஒரு புள்ளியில் இருந்து வரும் வெப்பத்துக்கு. எக்ஸாஸ்ட் நீளமான குழாய். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பொருளுக்கு, தூரம் இரண்டு மடங்கானால் சூடு கிட்டத்தட்டப் பாதிதான் ஆகும். அவர் சொல்வது சரி, நான் சொன்னது தவறு.

அப்படியானால் விலக்கி வைப்பதால் நான் நினைத்த அளவு பலன் இல்லை. கவசத்தின் பங்கு அதிகம். நேற்று எழுதியதில் வழியை முதலிலும் கவசத்தை இரண்டாவதாகவும் வைத்தேன். இப்போது இரண்டும் சமம் என்பேன். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடாதீர்கள்.

மார்ச் 16

வாய் வார்த்தையாகவே பேசிக்கொண்டிருப்பதற்குப் பதில் இன்றைக்குக் கராஜில் ஒரு சோதனை செய்தேன்.

மின்சார அடுப்பின் சுருள் ஒன்று, சிவக்கும் வரை. அதிலிருந்து ஒன்றரை இஞ்சு தூரத்தில் பழைய கேபிளில் இருந்து வெட்டிய மூன்று துண்டுகள். ஒன்று வெறுமனே. ஒன்று ஃபயர் ஸ்லீவுக்குள். மூன்றாவது வெறும் கேபிள்தான், ஆனால் அதற்கும் சுருளுக்கும் நடுவில் ஸ்டெயின்லெஸ் தகட்டுத் துண்டு. ஒவ்வொன்றின் மேலுறையோடும் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) கட்டினேன்.

மூன்றாவது நிமிடத்தில் வெறும் கேபிள் 118 டிகிரி செல்சியஸ், ஸ்லீவுக்குள் 57, தகட்டுக்குப் பின்னால் 49. இதோடு நிறுத்தியிருந்தால் ஸ்லீவும் கிட்டத்தட்டத் தகடு அளவுக்குக் காப்பாற்றுகிறது என்று நானே எழுதியிருப்பேன். நாற்பதாவது நிமிடத்தில் வெறும் கேபிள் 146, ஸ்லீவுக்குள் 133, தகட்டுக்குப் பின்னால் 72.

57 இருந்தது 133 ஆகிவிட்டது. என் ஏற்றமும் பறப்பும் அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்.

மார்ச் 17

"காற்றே இல்லாத கராஜில் செய்த சோதனை. கவுலிங்குக்குள் காற்று பாயும்" என்ற மறுப்பு நியாயமானது. மேசை விசிறி வைத்துத் திரும்பச் செய்தேன். 40 நிமிடத்துக்குப் பிறகு வெறும் கேபிள் 95, ஸ்லீவுக்குள் 91, தகட்டுக்குப் பின்னால் 46. எல்லாமே இறங்கியது. வெறும் கேபிளுக்கும் ஸ்லீவ் போட்டதற்கும் இருந்த வித்தியாசமும் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

அடுப்புச் சுருள் எக்ஸாஸ்ட் குழாய் ஆகாது. இந்த எண்களை உங்கள் விமானத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றும் எந்த வரிசையில் வந்தன என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று என்றதும் இன்னொன்று. தரையில் எஞ்சினை அணைத்ததும் காற்று நின்றுவிடுகிறது. சிலிண்டரும் குழாயும் அப்படியே கொதித்துக்கொண்டிருக்கும். அடுத்த இருபது நிமிடம் மேல் கவுலிங்கைத் தொட முடியாது. கேபிளுக்கு அதுவும் ஒரு சோதனைக் காலம். நான் இறங்கியதும் ஆயில் பார்க்கும் மூடியைத் திறந்து வைத்துவிடுகிறேன். அதில் கையை நீட்டினால் புகைபோக்கி மேல் நீட்டியது போல இருக்கும்.

மார்ச் 23

மோட்டார் சைக்கிள் சைலன்சரில் சுற்றுவார்களே, அந்தக் கண்ணாடி இழை நாடாவை எக்ஸாஸ்ட் குழாயிலேயே சுற்றிவிட்டால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

செய்யாதீர்கள். சூடு வெளியே போக முடியாமல் குழாயின் உலோகமே இன்னும் சூடாகும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய் அந்த நிலையில் சீக்கிரம் சோர்ந்து விரிசல் விடும். நாடா ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அரிக்கும். விரிசலை நாடா மறைக்கவும் செய்யும். குழாய் வெடித்தால் 700 டிகிரி வாயு நேராகக் கேபிள் மேல் பாயும், கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். மோட்டார் சைக்கிளில் குழாய் வெடித்தால் சத்தம்தான் கூடும், ஓரமாக நிறுத்திவிடலாம்.

கவசத் தகட்டையும் குழாயோடு ஒட்டி மாட்டாதீர்கள். நடுவில் காற்று போக வேண்டும். அந்த அரை இஞ்சு இடைவெளிதான் வேலை செய்கிறது.

ஏப்ரல் 6

சிக்காகோ பக்கத்து நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். கேபிள் நன்றாக இருக்கிறது, எக்ஸாஸ்டில் இருந்து மூன்று இஞ்சு. ஆனால் கார்புரேட்டர் பக்கம் கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் கிளாம்ப்பின் ரப்பர் கறுத்து, விரலால் தொட்டால் பொடியாகிறது.

இதை நான் எழுதாமல் விட்டது பெரிய குறை. புஷ்-புல் கேபிள், அதாவது தள்ளவும் இழுக்கவும் செய்யும் கேபிள், வேலை செய்ய வேண்டுமானால் வெளியுறை அசையாமல் இருக்க வேண்டும், கம்பி மட்டும் நகர வேண்டும். அந்த ரப்பர் வெந்து சுருங்கினால் பிடி தளரும். நீங்கள் லீவரைத் தள்ளும்போது கம்பி நகர்வதற்குப் பதிலாக உறை நழுவும். கேபிள் முழுசாக இருந்தும் த்ராட்டில் பாதிதான் திறக்கும். குஷன் கிளாம்ப் பல ரப்பரில் வருகிறது. எஞ்சின் பக்கத்துக்குச் சிலிக்கான் குஷன் போட்டதை வாங்குங்கள்.

அந்தக் கிளாம்ப் எஞ்சினோடு பிடிக்கப்பட்டிருக்க வேண்டும், எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) குழாயோடு பிடித்தால் தவறு. எஞ்சின் குலுங்கும்போது மவுண்ட் குலுங்காது. பிடி மவுண்டில் இருந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் த்ராட்டில் தானாக அசையும்.

பிளாஸ்டிக் டை, அந்த வெள்ளை நைலான் பட்டை, ஃபயர்வாலுக்கு முன்னால் எதிலும் வேண்டாம். சூட்டில் காய்ந்து முறியும். எதையாவது விலக்கி வைக்க அதை நம்பியிருந்தால், அது முறிந்த நாளில் கேபிள் எங்கே போய்ச் சாயும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 7

"கேபிள் இறுகினால் ஆயில் விடலாமா?"

கை பரபரக்கத்தான் செய்யும். மதுரையில் எங்கள் தெரு மெக்கானிக் கிளட்ச் கேபிளைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, மேல் முனையில் பிளாஸ்டிக் பையைக் கூம்பாகக் கட்டி அதில் ஆயில் ஊற்றிவிட்டுப் போவார். மறுநாள் காலையில் கீழ்முனையில் சொட்டியிருக்கும். பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்று பார்த்திருக்கிறேன். கேபிள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆணிதான்.

அது வெறும் இரும்புக்குள் இரும்பு ஓடும் கேபிள். நம்முடையது பெரும்பாலும் டெஃப்லான் அல்லது வேறு பிளாஸ்டிக் லைனர் போட்டது, உலர்ந்தே ஓட வேண்டியது. ஆயில் விட்டால் தூசி சேரும், எக்ஸாஸ்ட் சூட்டில் ஆயில் வெந்து பிசினாகும். இறுகிய கேபிள் உங்களிடம் ஏதோ சொல்கிறது. காரணத்தைத் தேடுங்கள், அந்தக் கேபிளை மாற்றுங்கள்.

லைனர் எதனால் ஆனது என்று கேட்டு வாங்குங்கள். டெஃப்லான் 260 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும், 327-இல் உருகும். மலிவான லைனர்கள் அதற்கு வெகு முன்னாலேயே இளகிவிடும். என்னுடைய முதல் கேபிளில் எது இருந்தது என்று வாங்கும்போது நான் கேட்கவே இல்லை.

மே 4

ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வைத்திருப்பவர்கள் "இது எங்களுக்கும் பொருந்துமா" என்கிறார்கள். எனக்கு ரோட்டாக்ஸில் சொந்த அனுபவம் கிடையாது, பக்கத்து ஹேங்கரில் ஒன்றை அடிக்கடி பார்ப்பதோடு சரி. அதில் இரண்டு கார்புரேட்டரும் மேலே, எக்ஸாஸ்ட் கீழே. பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஆனால் அதில் கேபிள் இழுக்க மட்டும்தான் செய்யும், த்ராட்டிலைத் திறப்பது ஸ்பிரிங். கேபிள் அறுந்தால் எஞ்சின் முழு வேகத்துக்குப் போகும். இரண்டு கேபிளில் ஒன்று மட்டும் சூட்டில் இறுகினால் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் திறந்து எஞ்சின் கரடுமுரடாக ஓடும். ஆகவே இரண்டையும் ஒரே வெப்பத்தில், ஒரே மாதிரி வளைவில் கொண்டுபோக வேண்டும் என்று பக்கத்து ஹேங்கர்காரர் சொல்கிறார்.

ஜூன் 15

மூன்று மாதமாக ஸ்லீவைப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்டேன். இந்த வாரம் எஞ்சின் தீயைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததில் கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

தீப்பிடித்தால் நீங்கள் செய்யப்போவது எரிபொருள் வால்வை மூடுவது, மிக்ஸ்சரை இழுப்பது. வால்வு கேபினுக்குள் இருக்கிறது, ஆனால் மூடிய பிறகும் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மிச்சம் இருக்கும். மிக்ஸ்சர் கேபிள் அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடம் உயிரோடு இருந்தால் உபயோகம். நிமிடக் கணக்கு. அது ஸ்லீவ் நன்றாகச் செய்யும் வேலை. என் சோதனையில் மூன்றாவது நிமிடத்தில் 118-க்கு 57 வந்ததே, அந்த எண்ணை நான் அன்றைக்கு மதிக்கவில்லை.

ஆகவே இப்போது என் கருத்து: அன்றாடச் சூட்டுக்குத் தூரமும் கவசமும். தீக்கு ஸ்லீவ். மிக்ஸ்சர் கேபிளுக்கு நானே திரும்ப ஸ்லீவ் போட்டுவிட்டேன், ஆனால் எக்ஸாஸ்டைத் தாண்டும் இடத்தில் கவசத்துக்குப் பின்னால்தான். வருடாந்தரச் சோதனையில் ஒரு முனையை அவிழ்த்துப் பின்னால் தள்ளி உள்ளே பார்க்கும்படி மாட்டியிருக்கிறேன். முனைகளைக் கட்டாமல் விடக் கூடாது. திறந்த முனை வழியாக ஆயில் ஊறினால் ஸ்லீவ் விளக்குத் திரி ஆகிவிடும்.

தீ என்று பேசினால் கேபிள் ஃபயர்வாலைத் துளைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். சான்றிதழ் பெற்ற சிறுவிமானங்களுக்கான அமெரிக்க விதி ஃபயர்வாலுக்கு 0.015 இஞ்சு ஸ்டெயின்லெஸ் தகட்டை ஏற்றுக்கொண்டது. நாம் கட்டும் விமானத்துக்கு அந்த விதி கட்டாயமில்லை, ஆனாலும் ஸ்டெயின்லெஸ்தான் போடுகிறோம். போட்டுவிட்டு அதில் அரை இஞ்சு ஓட்டை போட்டு ரப்பர் வளையம் வைத்துக் கேபிளை விடுகிறோம். 1,093 டிகிரி சுவாலைக்கு அந்த ரப்பர் எத்தனை நொடி நிற்கும்? அலுமினியமே 660-இல் உருகிவிடும். ஸ்டீலில் செய்த, கேபிளோடு சேர்ந்து திரும்பும் உருண்டைப் பொருத்தி கிடைக்கிறது. விலை கூடத்தான். நான் மூன்று வாங்கினேன்.

ஆகஸ்ட் 24

கவசம் விரிசல் விட்டது. 60 மணி நேரம். கிளாம்ப் புகும் வெட்டின் மூலையில் ஆரம்பித்து முக்கால் இஞ்சு ஓடியிருக்கிறது. மூலையைக் கூர்மையாக வெட்டி அப்படியே விட்டது என் தவறு. வெட்டின் முனையில் வட்டத் துளை போட்டு, ஓரங்களை மடித்து, புதுசு செய்தேன். தகடு கழன்று விழுந்தால் த்ராட்டில் லீவரில் சிக்கக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருக்கிறது. அதனால் கிளாம்ப் திருகுகளுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியால் பூட்டும் போட்டேன்.

பழைய தகட்டின் எக்ஸாஸ்ட் பக்கம் தங்க நிறமும் நீலமுமாகப் பழுத்திருந்தது. கேபிள் பக்கம் இன்னும் முகம் தெரிகிறது.

அக்டோபர் 12

ஒரு புது விஷயம். வருடாந்தரச் சோதனையில் புதுத் தகட்டின் ஒரே இடத்தில் சாம்பல் நிறத் தூள், காசு அளவுக்கு. சுற்றிலும் சுத்தம். ஈயம் கலந்த 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோலின் எக்ஸாஸ்ட் கசிந்தால் இப்படித்தான் தடம் விடும். விரலை அதற்கு நேர் மேலே கொண்டுபோனால் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கேஸ்கெட். ஒரு நட் கால் சுற்று தளர்ந்திருந்தது. கசிவு நேராகக் கேபிள் இருக்கும் திசையில்.

தகடு இல்லாவிட்டால் அந்த ஊதல் கேபிள் மேல் விழுந்திருக்கும். தூளும் கேபிள் உறையில் தெரிந்திருக்காது. கவசத்தைக் கதிர்வீச்சுக்கு என்று போட்டேன், அது கசிவையும் காட்டிக்கொடுத்தது. இனிமேல் சோதனைக்கு முன்னால் தகட்டைத் துடைக்கப்போவதில்லை. முதலில் படித்துவிட்டு அப்புறம் துடைப்பேன்.

அக்டோபர் 13

வெப்பநிலை ஸ்டிக்கர் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டதும் கறுத்து, திரும்ப வெளுக்காமல் அப்படியே நிற்கும் சின்னப் பட்டைகள். கேபிளில் மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறேன். எக்ஸாஸ்டைத் தாண்டும் இடத்தில் இந்தக் கோடை முழுவதும் 93 டிகிரிக் கட்டம் கறுத்தது, 104 கறுக்கவில்லை. நான் எதிர்பார்க்காதது, கார்புரேட்டர் பக்கத்துப் பட்டையிலும் 93 கறுத்திருந்தது. அங்கே எக்ஸாஸ்டே கிட்டத்தில் இல்லை. எஞ்சினை அணைத்த பிறகு வரும் சூடாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே ஆயில் மூடியைத் திறந்து வைக்கும் பழக்கத்தைத் தொடர்கிறேன்.

நவம்பர் 9

முதல் கேள்வி கேட்ட தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார். இரண்டு கேபிளுக்கும் வழி மாற்றி, கவசமும் போட்டுவிட்டார். எஞ்சினைப் பிடித்துக் கையால் எல்லாப் பக்கமும் குலுக்கிய பிறகும் இடைவெளி ஒன்றே முக்கால் இஞ்சுக்குக் குறையவில்லை என்கிறார். கேபிள் லீவரோடு சேரும் ராட் எண்ட் பேரிங்குகளில் பெரிய வாஷரும் போட்டிருக்கிறார், பேரிங் தேய்ந்து பிய்ந்தாலும் கேபிள் லீவரை விட்டுக் கழன்று போகாது. நான் சொல்லாமலே செய்திருக்கிறார், சந்தோஷம்.

இரண்டாவது படத்தில் ஒன்று இடிக்கிறது. மிக்ஸ்சர் கேபிள் ஃபயர்வாலை விட்டு வந்ததும் மிக இறுக்கமாக வளைகிறது. பழைய கேபிளையே புது வழியில் இழுத்துப் பொருத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வளைவில் கம்பி லைனரின் ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், சூடு சேர்ந்தால் அங்கேதான் முதலில் போகும். புதுசு வாங்குங்கள். அதற்கு முன்னால் கால் இஞ்சு பிளாஸ்டிக் டியூப் ஒன்றை எடுத்து, நீங்கள் விரும்பும் வழியில் தாராளமாக வளைத்துக் கட்டி, லீவரை இரண்டு கோடிக்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு, டியூபைக் கழற்றி நீளம் அளந்து ஆர்டர் கொடுங்கள். படத்தை வைத்துப் பார்த்தால் நான்கு இஞ்சு கூடுதலாக வேண்டியிருக்கும்.